பல் தேய்ந்த பிறகு

இங்கிலாந்தின் மான்செஸ்டர் அருங்காட்சியகத்தில் ஒரு குதிரையின் மண்டையோடு இருக்கிறது. ஓல்டு பில்லி என்பது அதன் பெயர். வாரிங்டன் நகருக்குப் பக்கத்தில் உல்ஸ்டன் என்ற ஊரில் 1760இல் பிறந்தது. மெர்சி, இர்வெல் ஆறுகளில் போக்குவரத்து நடத்திய கம்பெனிக்காகக் கரையில் நடந்தபடி படகு இழுத்தது. 1822 நவம்பரில் இறந்தபோது அதற்கு வயது 62. நல்ல பராமரிப்பில் உள்ள குதிரைகளே 25, 30 வயதில் முடிந்துபோவதுதான் வழக்கம். பில்லியின் வயதை நம்புவதற்கு ஒரு மனிதரின் சாட்சியம் கிடைத்திருக்கிறது. ஹென்றி ஹாரிசன் என்பவர் தம் பதினேழாவது வயதில் அந்தக் குட்டியை ஏருக்குப் பழக்கினார். தாம் எழுபதைத் தாண்டிய பிறகும் அதே குதிரையைப் பார்த்து அடையாளம் சொன்னார். கடைசிச் சில ஆண்டுகளை பில்லி வேலையிலிருந்து விடுபட்டு ஒரு பண்ணையில் கழித்தது.

அத்தனை ஆண்டுகள் அது உழைத்தது பெரிய விஷயம்தான். ஆனால் குதிரையின் உடலைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு அதைவிடப் பெரிய வியப்பு ஒன்று உண்டு: முப்பதுக்குப் பிறகு அது எதைக் கொண்டு மென்றது?

குதிரைக்கு வயது வாயில்தான் எழுதப்பட்டிருக்கிறது. மேல்தாடையின் ஓரத்து வெட்டுப்பல்லில், பத்து வயதுவாக்கில், ஈறையொட்டி ஒரு பள்ளக்கோடு தலைகாட்டும். பதினைந்தில் அது பல்லின் பாதிவரை இறங்கியிருக்கும். இருபதில் பல்லின் முழு நீளத்துக்கும் ஓடும். பிறகு ஈறுப் பக்கத்திலிருந்து மறையத் தொடங்கி, முப்பதில் காணாமல் போய்விடும். 19ஆம் நூற்றாண்டில் இந்தக் கணக்கைப் பரப்பிய சிட்னி கால்வேனின் பெயரால் இதைக் கால்வேன் கோடு என்கிறார்கள். தோராயமான கணக்குதான், குதிரைக்குக் குதிரை மாறும். என்றாலும் அந்தக் கோடு எப்படி இறங்குகிறது என்று யோசித்தால் குதிரையின் உடலிலுள்ள ஒரு விந்தை பிடிபடும். கோடு நகர்வதே இல்லை. நகர்வது பல்.

ஐந்து வயதில் நிரந்தரப் பற்கள் எல்லாம் வந்துவிட்ட குதிரையின் கடைவாய்ப் பல் ஒன்று ஏழு முதல் பத்து சென்டிமீட்டர் நீளம் இருக்கும். ஈறுக்கு வெளியே தெரிவது அதில் சிறு பகுதி. மீதியெல்லாம் தாடையெலும்புக்குள் புதைந்திருக்கிறது. மெல்ல மெல்லப் பல்லின் மேற்பரப்பு ஆண்டுக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் தேயும். தேய்ந்த அளவுக்கு உள்ளிருந்து மேலெழும்பி வரும். புதிதாக எதுவும் வளர்வதில்லை. இளமையிலேயே ஒதுக்கி வைக்கப்பட்ட இருப்பு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வருகிறது, அவ்வளவுதான். எழுபத்தைந்து மில்லிமீட்டரை ஆண்டுக்கு இரண்டரை, மூன்று என்று வகுத்துப் பாருங்கள். குதிரையின் வழக்கமான ஆயுள் அப்படியே விடையாக வந்து நிற்கும்.

இப்படி ஒரு பல் ஏன் தேவைப்பட்டது? குற்றவாளி புல். ஐந்தரைக் கோடி ஆண்டுகளுக்கு முன்பு குதிரையின் மூதாதை காட்டுக்குள் இளந்தழை கடித்துத் திரிந்த சிறு பிராணி. அதன் பல் குட்டையானது. பிறகு வட அமெரிக்காவில் காடு குறைந்து புல்வெளி பரவியது. புல்லின் உடலில் சிலிக்கா துகள்கள் உண்டு. தரையோடு தரையாக மேயும்போது மண்ணும் மணலும் கூடவே வாய்க்குள் போகும். குட்டைப் பல் இதற்குத் தாங்காது. ஏறக்குறைய ஒன்றரை, இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன்பு வாழ்ந்த மெரிச்சிப்பஸ் போன்ற குதிரைகளின் எலும்புகளில் நெடும்பற்கள் தெளிவாகத் தெரிகின்றன. யானைக்கும் இதே சிக்கல்தான். அது வேறு வழியில் தீர்த்துக்கொண்டது. ஆறு தொகுதிக் கடைவாய்ப் பற்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஆறாவதும் தேய்ந்தால் யானை பட்டினிதான். புல்லைத் தின்று வாழ்வதென்று முடிவெடுத்த பல உயிர்களுக்கு முதுமை பல்வழியாகவே வந்து சேர்கிறது.

அம்மி மழுங்கினால் அரைபடாது. உளி கொண்டு கொத்திவிட வேண்டும். குதிரையின் பல் தன்னைத் தானே கொத்திக்கொள்ளும் அம்மி. எனாமல், டென்டின், சிமென்டம் என்று மூன்று பொருள்கள் அதில் மடிப்பு மடிப்பாக நிற்கின்றன. எனாமல் கடினமானது, மற்ற இரண்டும் மென்மையானவை. மெல்லும்போது மென்மையானவை முதலில் தேய, எனாமல் வரப்புகள் துருத்திக்கொண்டு நிற்கும். அரைக்க அரைக்கவும் சொரசொரப்பு குறையாமல் இருக்கும். ஆனால் எனாமல் பல்லின் வேர்வரை போவதில்லை. இருபத்தைந்தைத் தாண்டிய குதிரையின் பல்லில் அந்த மடிப்புகள் தீர்ந்துபோய் வழவழப்பான ஒரு குழி மிஞ்சும். தாடை அசைகிறது, நாக்கு புரட்டுகிறது, புல் மட்டும் அரைபடுவதில்லை. கிழக்குதிரையின் முன்னால் கயிறுபோல முறுக்கிய பாதி மென்ற புல் உருண்டைகள் கிடந்தால் அது அடம்பிடிக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. விழுங்க முடியாமல் துப்பியிருக்கிறது. சாணத்தில் விரல்நுனி நீளத்துக்கு முழுப் புல்லிழைகள் தென்பட்டாலும் சேதி அதுவே.

துப்பாமல் விழுங்கினால் இன்னும் ஆபத்து. குதிரையின் இரைப்பை, அத்தனை பெரிய உடம்புக்கு மிகச் சிறியது. எட்டிலிருந்து பதினைந்து லிட்டர்தான் கொள்ளும். உண்மையான செரிமானம் பின்னால் நடக்கிறது. சீக்கம் என்ற பெரும்பையிலும் அதைத் தொடரும் பெருங்குடலிலும் சேர்த்து நூறு லிட்டருக்கு மேல் இடம் உண்டு. அங்கே கோடானுகோடி நுண்ணுயிரிகள் நார்ச்சத்தை நொதிக்க வைத்துக் கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன. குதிரையின் ஆற்றலில் பெரும்பங்கு இந்த அமிலங்களிலிருந்து வருகிறது. மாடு அசைபோட்டு இரண்டாம் முறை அரைத்துக்கொள்ளும். குதிரைக்கு இரண்டாம் வாய்ப்பு இல்லை. வாயில் அரையாதது அரையாமலே போகும். நீண்ட நார் குடலின் வளைவுகளில் சிக்கி அடைத்துக்கொள்ளும். குதிரையால் வாந்தியும் எடுக்க முடியாது. வயிற்றுவலியில் அது தரையில் விழுந்து புரள்வதை ஒருமுறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

மார்க்கோ போலோ 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைப் பற்றி எழுதும்போது, கடல்வழி இறக்குமதியான குதிரைகள் இங்கே நிலைக்காமல் செத்துப்போவதைக் குறித்து வைத்திருக்கிறார். அவற்றுக்குச் சோறும் வேகவைத்த இறைச்சியும் கொடுத்தார்கள் என்கிறார். அது எவ்வளவு தூரம் சரியோ, குதிரைக்கு நாரில்லாத உணவு ஆகாது என்பது இன்று எந்த லாயத்திலும் தெரிந்த பாடம்.

மெல்லுவதில் இன்னொரு விஷயமும் அடங்கியிருக்கிறது. ஒரு கிலோ உலர்புல்லைத் தின்னக் குதிரைக்கு நாற்பது நிமிடம் பிடிக்கும்; மூவாயிரம் தடவைக்கு மேல் தாடை சுழலும். ஒரு கிலோ ஓட்ஸ் பத்து நிமிடத்தில் தீர்ந்துவிடும். நமக்கு உணவைப் பார்த்தாலே எச்சில் ஊறும். குதிரைக்கு மெல்லும்போது மட்டுமே சுரக்கும். அதன் இரைப்பையோ தின்றாலும் தின்னாவிட்டாலும் நாள் முழுக்க அமிலம் சுரந்தபடி இருக்கிறது. அந்த அமிலத்தைத் தணிப்பது எச்சில். ஆகவே பல் போன குதிரைக்குக் குறைவது சத்து மட்டுமல்ல. மெல்லும் நேரமும் எச்சிலும் சேர்ந்தே குறைகின்றன. பல்லில்லாத கிழவருக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தால் போதும். கிழக்குதிரைக்கு அப்படி ஒருவேளை, இருவேளைக் கஞ்சியோடு முடித்துக்கொள்ள முடியாது.

வழி என்ன? பல் செய்த வேலையை மனிதக் கை செய்ய வேண்டும். நறுக்க வேண்டும், இடிக்க வேண்டும், ஊறவைக்க வேண்டும். முதல் படி, கால்நடை மருத்துவர் வாயைத் திறந்து பார்த்து, கூராக நீட்டிக்கொண்டிருக்கும் பல்விளிம்புகளை அரம் போட்டுச் சமப்படுத்துவது. ஆட்டம் கண்ட பல்லைப் பிடுங்கிவிட்டால் வலி நீங்கி மறுநாளே நன்றாகத் தின்னும் குதிரைகள் உண்டு. இதைச் செய்யாமல் விலையுயர்ந்த பொடிகளை வாளியில் கொட்டுவது வீண்செலவு என்பதோடு, குதிரைக்குச் செய்யும் அநியாயமும்கூட. பசும்புல் கிடைக்கும் இடமாக இருந்தால் அதுவே சிறந்த மருந்து. முக்கால் பங்கு தண்ணீர், இளசாக இருந்தால் மொட்டைப் பல்லுக்கும் இணங்கும். உலர்புல் முடியாதென்றால் இரண்டு மூன்று சென்டிமீட்டருக்கு நறுக்கிய புல், அதுவும் முடியாதென்றால் புல்லையும் குதிரைமசால் என்ற தீவனப் பயிரையும் அரைத்து அழுத்திய குச்சித்தீவனம். சர்க்கரை பீட் கிழங்கைப் பிழிந்த பிறகு எஞ்சும் சக்கை மேல்நாடுகளில் இதற்குப் பெயர்போனது. சர்க்கரை போய்விடுகிறது, எளிதில் நொதிக்கும் நார் நிற்கிறது.

இவை எல்லாவற்றையும் ஊறவைத்தே கொடுக்க வேண்டும். உலர்ந்த குச்சித்தீவனத்தை அரைகுறையாக மென்று விழுங்கினால் அது உணவுக்குழாயிலேயே உப்பி அடைத்துக்கொள்ளும். மூக்கு வழியாகத் தீனி வடியும். இரண்டு மூன்று மடங்கு தண்ணீர் ஊற்றி, குழைந்த பிறகு வைப்பது பாதுகாப்பு. அளவுதான் பலரை மலைக்க வைக்கிறது. குதிரைக்கு நாளொன்றுக்கு அதன் எடையில் ஒன்றரை முதல் இரண்டு சதவீதம் உலர்தீவனம் வேண்டும். 450 கிலோ குதிரைக்கு அது ஏழிலிருந்து ஒன்பது கிலோ. முழுவதையும் ஊறவைத்துக் கொடுப்பதென்றால் இருபது, முப்பது கிலோ கூழ். சிறிய இரைப்பைக்கு அதை நான்கைந்து வேளையாகப் பிரித்தே ஆக வேண்டும். இந்த உழைப்பைத்தான் ‘குதிரைக்கு ஓய்வு கொடுத்துவிட்டோம்’ என்று சொல்பவர்கள் மறந்துவிடுகிறார்கள். ஓய்வு குதிரைக்கு, வளர்ப்பவருக்கு வேலை அன்றிலிருந்துதான் கூடுகிறது.

கிழக்குதிரை இளைப்பது குடலும் கிழடாகிவிட்டதால்தான் என்று வெகுகாலம் நம்பினார்கள். 1980களில் அமெரிக்காவின் சாரா ரால்ஸ்டன் இருபது வயதைக் கடந்த குதிரைகளை ஆராய்ந்தபோது, அவை புரதம், நார், பாஸ்பரஸ் மூன்றையும் இளங்குதிரைகளைவிடக் குறைவாகச் செரித்தன. முதியோர் தீவனம் என்ற சந்தையே இந்த முடிவின்மேல் எழுந்ததுதான். ஆனால் பின்னாளில் வந்த ஆய்வுகளில், நல்ல பல்லும் நல்ல உடல்நிலையும் கொண்ட முதிய குதிரைகளிடம் அத்தகைய பெரிய வேறுபாடு தென்படவில்லை. ஏன்? முந்தைய தலைமுறைக் குதிரைகள் குட்டியிலிருந்தே குடற்புழுக்களோடு வாழ்ந்தவை. ஸ்ட்ராங்கைலஸ் இனப் புழுக்களின் இளம்பருவம் குடலுக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனிக்குள் புகுந்து அதைத் தழும்பாக்கிவிடும். 1980களின் தொடக்கத்தில் ஐவர்மெக்டின் என்ற புழுமருந்து பரவலாகப் புழக்கத்துக்கு வந்தது. அதன் கண்டுபிடிப்புக்காக 2015இல் வில்லியம் கேம்பெல்லும் சதோஷி ஓமுராவும் நோபல் பரிசு பெற்றார்கள். அந்த மருந்தோடு வளர்ந்த குதிரைகளின் குடல் முதுமையிலும் தழும்பின்றி இருக்கிறது என்பது நம்பத்தகுந்த விளக்கம். முதுமையின் குணம் என்று நாம் நினைத்ததில் ஒரு பகுதி, இளமையில் கிடைக்காத மருந்தின் வடு.

கிழக்குதிரைக்கு வெந்நீரில் கலந்த கோதுமைத் தவிட்டுக் கூழ் என்பது பழைய கைமுறை. மணமாக இருக்கும், ஆசையாகத் தின்னும். எப்போதாவது கொடுத்தால் கெடுதி இல்லை. அதையே முக்கியத் தீனியாக்கினால் எலும்பு போய்விடும். தவிட்டில் கால்சியத்தைப்போல் சுமார் பத்து மடங்கு பாஸ்பரஸ் இருக்கிறது. குதிரைக்கு வேண்டியதோ பாஸ்பரஸைவிடக் கால்சியம் மிகுந்த தீனி. பாஸ்பரஸ் மிஞ்சும்போது உடல் தன் எலும்பிலிருந்தே கால்சியத்தை எடுத்து ஈடுகட்டும். முகத்தெலும்பு மெத்தென்று வீங்கும், கால்கள் நொண்டும். மாவு ஆலைக்காரர்களின் குதிரைகளுக்கு மிச்சத் தவிடே தீனியாக இருந்ததால் ஐரோப்பாவில் இதற்கு ஆலைக்காரர் நோய் என்றே பெயர். அரிசித் தவிட்டிலும் இதே கோளாறு உண்டு. கால்சியம் நிறைந்த குதிரைமசாலைச் சேர்த்தால் கணக்கு நேராகும். அதிகப்படியான கால்சியத்தைக் குதிரை சிறுநீரில் தள்ளிவிடும். அதன் சிறுநீர் சுண்ணாம்புத் தண்ணீராகக் கலங்கித் தெரிவது அதனால்தான். சிறுநீரகம் தளர்ந்த குதிரைக்கு மட்டும் இந்த வழி அடைபடுகிறது. அப்போது குதிரைமசாலையும் குறைக்க வேண்டும். ரத்தப் பரிசோதனை இல்லாமல் கிழக்குதிரைக்குத் தீனி வகுப்பது கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பதுதான்.

இளைத்தவனுக்கு எள், கொழுத்தவனுக்குக் கொள் என்று நம் ஊரில் சொல்வார்கள். குதிரை விஷயத்தில் முதல் பாதி அப்படியே செல்லும். குதிரைக்குப் பித்தப்பை கிடையாது. ஆனாலும் கல்லீரலிலிருந்து பித்தநீர் இடைவிடாமல் வடிந்துகொண்டிருப்பதால் எண்ணெயை நன்றாகவே செரிக்கும். கால் லிட்டர் தாவர எண்ணெயில் இரண்டாயிரம் கலோரிக்கு மேல் உண்டு. 450 கிலோ குதிரையின் ஒருநாள் தேவையில் ஏழில் ஒரு பங்குக்கு அது ஈடு. மாவுச்சத்து தரும் ஆபத்து இதில் இல்லை. ஒரு கரண்டியில் தொடங்கி இரண்டு மூன்று வாரத்தில் மெதுவாகக் கூட்ட வேண்டும். கூடவே வைட்டமின் ஈ தேவை. பசும்புல்லில் ஏராளமாக இருக்கும் அந்த வைட்டமின், புல் காயும்போது பெருமளவு அழிந்துவிடுகிறது. கொள்ளும் ஒதுக்கத்தக்கது அல்ல. இந்திய லாயங்களில் தலைமுறை தலைமுறையாக வேகவைத்துக் கொடுத்ததற்குக் காரணம் உண்டு: புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள் ஒன்று பச்சைக் கொள்ளில் இருக்கிறது, வெந்தால் அது அடங்கும். முதுகுத் தசை வற்றிய குதிரைக்கு லைசின் என்ற அமினோ அமிலம் நிறைந்த புரதம் தேவை; அதைக் கொள்ளும் சோயாப் புண்ணாக்கும் தரும்.

எல்லாக் கிழக்குதிரையும் பல்லால் மட்டும் இளைப்பதில்லை. கோடையிலும் உதிராத நீண்ட சுருள்ரோமம், தொங்கிய வயிறு, வற்றிய முதுகு, ஓயாத தாகம் என்றால் மூளையடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியைச் சந்தேகிக்க வேண்டும். அந்தச் சுரப்பியின் ஒரு பகுதியை அடக்கி வைக்கும் நரம்பணுக்கள் டோபமைன் சுரப்பவை. முதுமையில் அவை அழிய, சுரப்பி கட்டறுத்து வீங்கி ஹார்மோன்களைக் கொட்டும். ஆஸ்திரேலியாவில் நடந்த ஓர் ஆய்வில் 15 வயதைத் தாண்டிய குதிரைகளில் ஐந்தில் ஒன்றுக்கு இந்தக் கோளாறு இருந்தது. மனிதரின் பார்க்கின்சன் நோயிலும் அழிவது டோபமைன் அணுக்களே, மூளையின் வேறொரு பகுதியில். அந்த நோய்க்கான பெர்கோலைடு மாத்திரை, இதய வால்வைப் பாதிக்கிறது என்று தெரிந்து 2007இல் அமெரிக்காவில் மனிதர்களுக்கு நிறுத்தப்பட்டது. குதிரைகளுக்கு இன்றும் அதுவே முதன்மை மருந்து. தொடக்கத்தில் பசியைக் குறைக்கும் குணம் அதற்கு உண்டு என்பதால், மருந்து தொடங்கிய வாரத்தில் தீனித்தொட்டியைக் கூர்ந்து பார்க்க வேண்டும்.

இந்த நோயுள்ள பல குதிரைகளில் இன்சுலின் கட்டுக்குள் இருப்பதில்லை. ரத்தத்தில் ஏறும் இன்சுலின் குளம்புக்குள் இருக்கும் மென்திசுவைப் பிய்த்து, நடக்க முடியாமல் செய்துவிடும். அதனால் எலும்பு தெரிகிறதே என்று வெல்லமும் மக்காச்சோளமும் ஓட்ஸும் அள்ளிக் கொடுப்பது, அன்பாலேயே அதன் காலை ஒடிப்பதற்குச் சமம். உலர்புல்லைக் கூட ஒருமணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, நீரைக் கொட்டிவிட்டுக் கொடுத்தால் கரையும் சர்க்கரையில் ஒரு பகுதி போய்விடும்.

கடைகளில் விற்கும் துணைச்சத்துப் பொடிகளைப் பற்றி நிதானமாகவே சொல்லலாம். ஊறவைத்த புல்தீவனத்தில் போதாத தாமிரம், துத்தநாகம், செலினியம் போன்றவற்றை ஈடுசெய்யும் கனிமக் கலவை தேவைதான். உப்பும் தேவை, வெயிலில் இரட்டிப்பாக. வைட்டமின் சி-யைக் குதிரை தன் கல்லீரலிலேயே தயாரித்துக்கொள்ளும். மூட்டுக்கென்று விற்கும் குளுக்கோசமின், வாய்வழி கொடுத்தால் மிகக் குறைவாகவே ரத்தத்தில் சேர்கிறது. அந்தப் பணத்தில் நல்ல புல் வாங்கலாம் என்பது என் கருத்து.

இளைப்பதையும் தேறுவதையும் கண்ணால் மட்டும் அறிய முடியாது, ரோமம் ஏமாற்றும். விலா எலும்பின்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பார்க்க வேண்டும். டெக்சஸில் ஹென்னெக் குழு 1983இல் வகுத்த ஒன்று முதல் ஒன்பது வரையிலான உடல்நிலை மதிப்பெண்ணும் இந்தத் தொடுகையை நம்புகிறது. தராசு இல்லாத இடத்தில் ஒரு டேப் போதும். மார்புச் சுற்றளவைச் சென்டிமீட்டரில் அளந்து இருமடி எடுத்து, தோள்முனையிலிருந்து புட்டமுனைவரை உள்ள நீளத்தால் பெருக்கி, 11,880ஆல் வகுத்தால் எடை கிலோவில் கிடைக்கும். சுற்றளவு 180, நீளம் 165 என்றால் 450 கிலோ. பதினைந்து நாளுக்கொருமுறை இதை எழுதி வைத்தால் இறக்கம் தொடங்கும்போதே தெரிந்துவிடும்.

பந்தயக் குதிரைகளை நினைத்தால் எனக்கு இந்தக் கணக்கெல்லாம் அவசரமாகத் தோன்றுகிறது. மைதானத்தில் ஓடும் குதிரை நான்கைந்து வயதில் உச்சத்தைத் தொட்டு, பத்துக்கு முன்பே ஓட்டத்தை நிறுத்திவிடும். அதன் பல்லில் அப்போது பாதிக்கு மேல் இருப்பு கிடக்கிறது. இன்னும் பதினைந்து, இருபது ஆண்டுகள் அது தின்ன வேண்டும், யாராவது போட வேண்டும். கூட்டத்தோடு விட்டால் கிழக்குதிரை தன் பங்கை இளசுகளிடம் இழந்துவிடும். மற்றவை முடித்த பிறகும் அதற்கு ஒருமணி நேரம் தேவைப்படும். தனியாகக் கட்டி, ஆனால் மற்றக் குதிரைகள் கண்ணில் படும்படி கட்டித் தீனி வைக்க வேண்டும், ஏனென்றால் துணையில்லாமல் குதிரைக்குத் தின்னப் பிடிக்காது. நம் வெயிலில் ஊறவைத்த கூழ் சில மணி நேரத்தில் புளித்துவிடும். மிஞ்சியதை அடுத்த வேளைக்கு வைக்காமல் கொட்டி, தொட்டியைக் கழுவிவிட்டுப் புதிதாகக் கலக்க வேண்டும்.